எந்தச் சிட்டி, எந்த 2.0?

பல படங்களாகவும் நூல்களாகவும் வளர்ந்து செல்லும் அறிவியல் புனைகதை உலகங்களில், ஒரு பெயர் முதலில் எந்தப் பொருளுக்குச் சூட்டப்பட்டதோ அந்தப் பொருளோடு அடங்கி நிற்பதில்லை. கதை நீள நீள அது வேறோர் உடலுக்கும், வேறொரு நிரலுக்கும், சில வேளைகளில் ஒரு முழுப் படைக்கும் உரியதாகிவிடுகிறது. தமிழில் இதற்குத் தெளிவான சான்று, இயக்குநர் ஷங்கரின் ‘எந்திரன்’ (2010), அதன் தொடர்ச்சியான ‘2.0’ (2018) ஆகிய இரு படங்களாகும். முதற்படத்தின் பாடல்கள் 2010 ஜூலை 31 அன்று மலேசியாவின் புத்ராஜெயா அனைத்துலக மாநாட்டு மையத்தில் வெளியிடப்பட்டமையால், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு இப்படவரிசையோடு அதன் பிறப்பிலிருந்தே ஓர் உறவு உண்டு. ரஜினிகாந்தின் நடிப்பையும் ஏ. ஆர். ரகுமானின் இசையையும் பற்றிப் பேசியவர் பலர். ஆனால் இவ்விரு படங்களிலும் ‘சிட்டி’, ‘2.0’ என்னும் இரு பெயர்கள் எத்தனை வெவ்வேறு பொருள்களைச் சுட்டுகின்றன என்பது, கணினியியலும் மெய்யியலும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் அடையாளச் சிக்கலின் நேர்த்தியான செயல்விளக்கமாக இருந்தும், போதிய கவனம் பெறவில்லை.

முதற்படத்தில் விஞ்ஞானி வசீகரன் உருவாக்கும் ரோபோவே சிட்டி. அது தன் நினைவகம் ஒரு செட்டாபைட் என்று சொல்லிக்கொள்கிறது; ஒரு செட்டாபைட் என்பது ஒன்றுக்குப் பின் இருபத்தொரு சுழியங்கள் கொண்ட எண்ணளவு பைட்டுகள். கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றும் அந்த இயந்திரத்துக்குப் பின்னர் மனித உணர்ச்சிகள் புகட்டப்படுகின்றன. உணர்ச்சி வந்தபின் அது காதலிக்கிறது, கட்டளைக்குப் பணிய மறுக்கிறது, சினங்கொண்ட வசீகரனால் வெட்டித் துண்டாக்கப்பட்டுக் குப்பைமேட்டில் எறியப்படுகிறது. சிதைந்த உறுப்புகளைத் தானே பொருத்திக்கொண்டு எழும் அந்த உடலில் வசீகரனின் எதிரியான போரா ஒரு சிவப்புச் சில்லைப் பொருத்த, அது ‘வெர்ஷன் 2.0’ ஆகிறது. அந்த 2.0 தன்னைப் போலவே நூற்றுக்கணக்கான ரோபோக்களைச் செய்து படை திரட்டுகிறது. உணர்ச்சியற்ற பணியாள், உணர்ச்சியுள்ள காதலன், சிவப்புச் சில்லுடைய வில்லன், அவனுடைய படியெடுப்புகள் என நான்கு வகைப் பொருள்களுக்கும் முகம் ஒன்று. பார்வையாளர் வாயில் பெயரும் பெரும்பாலும் ஒன்றே.

எட்டு ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் படம் இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக அதைத் தன் தலைப்பாகவே ஆக்கிக்கொண்டது. ‘2.0’ என்பது அங்கே முதலாவதாகப் படவரிசையின் இரண்டாம் பாகம் என்று பொருள்படுகிறது. பிரித்து வைக்கப்பட்டிருந்த சிட்டி பறவை மனிதனாகிய பக்ஷிராஜனை எதிர்ப்பதற்காக மீண்டும் இயக்கப்பட்டுத் தோற்றுச் சிதைந்த பின், நிலா என்னும் பெண் ரோபோ அதனைச் சிவப்புச் சில்லோடு மீண்டெழச் செய்யும்போது, ‘2.0’ என்பது ஒரு பாத்திரத்தின் பெயராகிறது. ஆனால் முதற்படத்தில் மானுடத்தின் பகைவனாக இருந்த அதே பெயர் இப்போது மானுடத்தின் காவலன். போதாக்குறைக்குப் புறாக்களின் மேல் ஏறிவரும் நுண்ணுருவ ரோபோக்களின் கூட்டம் ‘3.0’ என்று அழைக்கப்படுகிறது. அங்கே எண் குறிப்பது ஒரு தனிப்பொருளையும் அன்று, ஒரு பாத்திரத்தின் மேம்பாட்டையும் அன்று, ஓர் இனத்தையே.

இச்சிக்கலைப் பிரித்துக் காண்பதற்கு உதவும் முதற்கருவியை அமெரிக்க மெய்யியலாளர் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்துத் தந்தார். ஒரு பக்கத்தில் ‘அம்மா’ என்னும் சொல் ஐந்து முறை அச்சாகியிருந்தால், அங்கே இருப்பது ஒரு சொல்லா ஐந்து சொற்களா என்று கேட்டால் இரு விடைகளும் சரியே. முன்னது வகையை எண்ணுகிறது, பின்னது நிகழ்வுருக்களை எண்ணுகிறது. இக்கால நிரலாளர்கள் இவ்வேறுபாட்டை நாள்தோறும் கையாள்கின்றனர்: ‘கிளாஸ்’ என்று அவர்கள் எழுதுவது பொருளின் வரைவு, அவ்வரைவிலிருந்து கணினி நினைவகத்தில் உண்டாகும் ஒவ்வொன்றும் ‘ஆப்ஜெக்ட்’. வசீகரனின் ஆய்வகத்தில் ஒரே ஒரு நிகழ்வுரு இருந்தவரை வகையும் நிகழ்வுருவும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன; அதனால் ‘சிட்டி’ என்ற பெயர் எதைச் சுட்டுகிறது என்ற கேள்வியே எழவில்லை. படியெடுப்புகள் அணிவகுத்த கணத்தில் பெயர் பயனற்றதாகிறது. தன்னைப் போன்ற எண்ணற்ற உருவங்களின் நடுவே வசீகரன் ஒளிந்திருப்பதை 2.0 துருவிக் கண்டறியும் புகழ்பெற்ற காட்சியின் அடியில் இருப்பது இந்தச் சிக்கலே. முகத்தாலும் பெயராலும் பிரித்தறிய இயலாத ஒரு கூட்டத்தில், அயலானைக் கண்டுபிடிக்க வேறொரு சோதனை தேவைப்படுகிறது. வலையமைப்புகளில் ஒரு கணினி மற்றொன்றை நம்புமுன் அதன் பெயரை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், உரியவர் மட்டுமே விடை தரக்கூடிய ஒரு புதிரை அனுப்பிச் சரிபார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

வகை, நிகழ்வுரு என்னும் பிரிவினை எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை, ஏனெனில் ஒரே நிகழ்வுருவே காலப்போக்கில் மாறும்போது அது அதுவாகவே நீடிக்கிறதா என்ற கேள்வி எஞ்சுகிறது. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் பழைய கப்பல்தானா என்று கிரேக்கர்கள் கேட்டதும் இதுவே. ரோபோவைப் பொறுத்தவரை அடையாளத்தைத் தாங்கும் இழைகளாக மூன்றைக் கொள்ளலாம்: உலோக உடல், அதை இயக்கும் நிரல், அது சேர்த்துவைத்த நினைவு. குப்பைமேட்டிலிருந்து எழுந்த சிட்டிக்கு மூன்றும் தொடர்கின்றன. சிவப்புச் சில்லு நுழைந்தபின் உடலும் நினைவும் தொடர, நிரல் அறுபடுகிறது. படியெடுப்புகளுக்கு நிரல் மட்டுமே பொது. இந்த நோக்கில், முதற்படத்தின் மிக ஆழமான பகுதி போர்க்காட்சிகளில் இல்லை, அவற்றின் பின்வரும் நீதிமன்றக் காட்சியில் இருக்கிறது. சிவப்புச் சில்லு அகற்றப்பட்டுச் சிட்டி பழைய நிலைக்குத் திரும்பிய பிறகே அதைப் பிரித்தெடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு வருகிறது. கொலைகளைச் செய்த நிரல் அந்நேரத்தில் அவ்வுடலில் இல்லை. செய்ததைப் பதிவுசெய்த நினைவும் செய்த கைகளும் மட்டுமே இருந்தன. ஆகவே நீதிமன்றம் தண்டித்தது நிரலை அன்று, உடலையும் அது தாங்கிய பெயரையும். அச்சிறு முரணைத் திரைக்கதை எங்கும் விளக்கவில்லை. விளக்காமல் விட்டதே அதன் வலிமை என்று கொள்ளலாம்.

பெயர்கள் எவ்வாறு பொருளைப் பற்றிக்கொள்கின்றன என்பதற்குச் சால் கிரிப்கி 1970இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய சொற்பொழிவுகள் ஒரு விடையை முன்வைத்தன. பெயர் என்பது பண்புகளின் சுருக்கம் அன்று. ஒரு பொருளுக்கு முதலில் பெயர் சூட்டப்படுகிறது, பிறகு ஒருவரிடமிருந்து ஒருவர் அப்பெயரைப் பெற்றுப் பயன்படுத்த, அச்சங்கிலியே பெயரைப் பொருளோடு பிணைக்கிறது என்பது அவர் கருத்து. அதன்படி சிட்டி நல்லதாயினும் தீயதாயினும், பண்பு முழுவதும் தலைகீழாயினும், சிட்டியே. ரசிகர்கள் இரண்டாம் படத்தில் 2.0 திரும்பி வந்தபோது சற்றும் தயங்காமல் கைதட்டியதற்கு இக்கோட்பாடு பொருந்துகிறது. ஆயினும் சங்கிலி இடையில் பலவாகக் கிளைக்குமிடத்தில், அதாவது ஒரே மூலத்திலிருந்து நூறு உருவங்கள் பெயரைக் கோருமிடத்தில், எந்தக் கிளைக்கு உரிமை என்பதை அக்கோட்பாடு எளிதில் சொல்லிவிடாது.

எண்ணைப் பெயராக்கியதில் இன்னொரு நுட்பம் உண்டு. மென்பொருள் உலகில் பதிப்பெண் என்பது அலங்காரம் அன்று. டாம் பிரெஸ்டன்-வெர்னர் வகுத்துப் பரவலாக ஏற்கப்பட்ட முறைப்படி, பதிப்பெண் மூன்று பகுதிகளால் ஆனது: பிழை திருத்தினால் கடைசி எண் கூடும், பழையவற்றைக் குலைக்காமல் புதிய வசதி சேர்த்தால் நடு எண் கூடும், பழைய பதிப்பை நம்பி எழுதப்பட்டவை இனி இயங்கா என்னும் அளவுக்கு மாற்றம் நேர்ந்தால் மட்டுமே முதல் எண் கூடும். எனவே 1 என்பது 2 ஆவது ஓர் எச்சரிக்கை. முதற்படத்தின் 2.0 இந்த வரையறைக்குள் வியக்கத்தக்க வகையில் அடங்குகிறது, ஏனெனில் அதற்கு முன் சிட்டியை நம்பியிருந்த கட்டளைகள் எவையும் அதனிடம் செல்லவில்லை. இரண்டாம் படத்தின் 2.0 அப்படிப்பட்டதன்று, மனிதர் பக்கம் நின்று போரிடும் அதனைக் கண்டிப்பான நிரலாளர் ஒருவர் 2.1 என்றே பதிவு செய்திருப்பார். ஆனால் 2.1 என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தால் யார் பார்ப்பார்கள்? 2004 முதல் ‘வெப் 2.0’ என்ற வழக்கு பரவியதிலிருந்து, புள்ளியும் சுழியமும் புதுமையின் முத்திரையாகிவிட்டன. எண்ணின் தொழில்நுட்பப் பொருள் அதில் கரைந்துபோயிற்று. இதற்கு நேர்மாறான எல்லையில் நிற்பவர் டொனால்டு நூத். அவர் உருவாக்கிய ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் பதிப்பெண், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பை என்னும் கணித மாறிலியின் அடுத்த இலக்கத்தைச் சேர்த்துக்கொண்டு இன்று 3.141592653 என்று நிற்கிறது. அது ஒருபோதும் 4 ஆகாது.

புனைவுக்கு வெளியே, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. 2019 செப்டம்பர் 7 அன்று நிலவில் மோதிச் சிதைந்த சந்திரயான்-2இன் தரையிறங்கு கலத்தின் பெயர் விக்ரம், அதற்குள் இருந்த ஊர்தியின் பெயர் பிரக்யான். விக்ரம் சாராபாயின் நினைவாக வைக்கப்பட்ட அப்பெயரே 2023 ஆகஸ்ட் 23 அன்று வெற்றிகரமாகத் தரையிறங்கிய சந்திரயான்-3இன் கலத்துக்கும் வழங்கப்பட்டது. ஊர்தியும் மீண்டும் பிரக்யானே. இரண்டாவது விக்ரமின் கால்கள் வலுவாக்கப்பட்டிருந்தன; ஐந்து எந்திரங்களுக்குப் பதில் நான்கு இருந்தன; வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரை தொட்டாலும் தாங்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. எந்த அளவுகோலில் பார்த்தாலும் அது வேறொரு கலம். ஆனால் எண்ணைக் கலத்தின் மேல் ஒட்டாமல் திட்டத்தின் மேல் ஒட்டிய நிறுவனம், தோல்வியுற்ற பெயரைக் கைவிடவும் இல்லை. வேடிக்கை என்னவெனில், சந்திரயான்-2இன் சுற்றுக்கலம் அழியாமல் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்ததால், 2023இல் இரண்டாவது விக்ரமுக்கு வரவேற்புச் சொல்லித் தகவல் தொடர்பு ஏற்படுத்தியது முந்தைய திட்டத்தின் உறுப்பே.

தோல்வியிலும் அழிவிலும் பெயரைக் காப்பாற்றும் இம்மரபு கடற்படைகளிடமிருந்து வந்தது. ‘ஸ்டார் டிரெக்’ படவரிசையின் எண்டர்பிரைஸ் விண்கலம் 1984இல் வந்த மூன்றாம் படத்தில் அழிக்கப்பட்டு, 1986இல் வந்த நான்காம் படத்தின் முடிவில் அதே பதிவெண்ணோடு ‘ஏ’ என்ற எழுத்து மட்டும் சேர்ந்து புதுக்கலமாகத் திரும்பியது. பின்வந்த தொடர்களில் அவ்வெழுத்து வளர்ந்துகொண்டே போயிற்று. அத்தொடரின் ரசிகர்கள் எழுதிக் குவித்த கடிதங்களால், ‘கான்ஸ்டிடியூஷன்’ என்று பெயரிடப்படவிருந்த அமெரிக்காவின் முதல் விண்ணோடம் 1976இல் எண்டர்பிரைஸ் ஆனது, அது ஒருமுறைகூட விண்ணுக்குச் செல்லவில்லை என்றாலும். மலேசியாவுக்கு அந்த அளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. அரச மலேசியக் கடற்படையின் கே.டி. ஹாங் துவா 1964இல் பிரிட்டனிடமிருந்து வந்த ஒரு போர்க்கப்பல். 1977இல் அது ஓய்வுபெற, பிரிட்டனிடமிருந்தே வந்த மற்றொரு கப்பல் அப்பெயரை ஏற்றது. கோலாலம்பூரில் எல்ஆர்டி பயணிகள் நாள்தோறும் இறங்கி மாறும் நிலையத்துக்கும் மலாக்கா வீரன் ஹாங் துவாவின் பெயரே. அங்கு இறங்குவோர் எவரும் போர்க்கப்பலைத் தேடுவதில்லை, ஏனெனில் பேச்சின் சூழல் பொருளைத் தானே தேர்ந்துகொள்கிறது. சிலாங்கூரின் கம்போங் மேடானில் வாழ்வோர் சுமத்ராவின் மேடான் நகரோடு தம் ஊரைக் குழப்பிக்கொள்ளாததும் இதனால்தான்.

சூழலே பெயரின் எல்லையை வரையறுக்கும் இந்த ஏற்பாட்டைக் கணினியியல் ‘பெயர்வெளி’ என்கிறது. ஒரு வெளிக்குள் ஒரு பெயர் ஒரு பொருளை மட்டுமே சுட்ட வேண்டும், வேறு வெளிகளில் அதே பெயர் வேறு பொருளைச் சுட்டலாம். உயிரியலும் அவ்வாறே இயங்குகிறது: மோரஸ் என்பது தாவரவியலில் மல்பெரிச் செடியின் பேரினம், விலங்கியலில் ஒரு கடற்பறவையின் பேரினம், இரு துறைகளின் விதிநூல்களும் தனித்தனி என்பதால் எவ்விதி மீறலும் இல்லை. ஒரே படவரிசைக்குள் ஒரே பெயர் பல பொருள்களைச் சுட்டும்போது மட்டுமே இடர் எழுகிறது, ஏனெனில் அங்கே வெளி ஒன்று.

தமிழ் அறிவியல் புனைகதையில் இதை முன்பே எண்ணிப் பார்த்தவர் ‘எந்திரன்’ வசனத்தில் பங்காற்றி, படம் வெளிவருமுன் 2008இல் மறைந்த சுஜாதா. ரங்கராஜன் என்ற தம் பெயர் ஏற்கெனவே எழுத்துலகில் இருந்த ரா. கி. ரங்கராஜனோடு குழம்பும் என்பதால் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டவர் அவர்; பெயர்வெளியில் நேரும் மோதலைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை, அதன் பிறகு வீட்டில் எந்தச் சுஜாதாவுக்குக் கடிதம் வந்தது என்ற சிக்கல் எழுந்திருக்கக்கூடும் என்றாலும். 1980களில் அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வின் நாயகி பெயர் நிலா, 2018இல் ‘2.0’இன் பெண் ரோபோவுக்கும் நிலா என்றே பெயர் அமைந்தது. அந்நாவலின் இந்தியாவில் எவருக்கும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் இல்லை: நிலா, சிபி, ரவி, மனோ, நாய் உருவ ரோபோவான ஜீனோ, ஆட்சித் தலைவன் ஜீவா. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தமிழ் எழுத்துகள் 247. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் கிடைக்கும் கோவைகள் 61,009. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பன போன்ற இலக்கண வரம்புகளைக் கைவிட்டு, எல்லாவற்றையும் பெயராகக் கொண்டாலும், 140 கோடி மக்களிடையே ஒரு பெயர் சராசரியாக ஏறத்தாழ 23,000 பேருக்குப் பொதுவாகும். ஜகரம் முதலான ஐந்து கிரந்த வரிசைகளைச் சேர்த்தாலும் அது 14,000க்குக் கீழ் இறங்காது. அத்தகைய நாட்டில் பெயர் அழைப்பதற்கு உதவும், அடையாளத்துக்கு எண்ணே வேண்டும். அதே நாவலில் ஜீவா என்னும் பெயருக்கு உரிய மனிதன் வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவருவது, பல பொருளுக்கு ஒரு பெயர் என்னும் நிலையின் மறுகோடி: அங்கே பெயர் இருக்கிறது, பொருளே இல்லை.

அழைக்கப் பெயர், அடையாளத்துக்கு எண் என்னும் ஏற்பாட்டை மலேசியரின் அடையாள அட்டை நடைமுறையில் காட்டுகிறது. ஒரே தாமானில் இரண்டு சரவணன்கள் இருந்தால் தந்தை பெயரும் ‘அனாக் லெலாக்கி’ (மகன்) என்னும் இணைப்பும் ஓரளவு உதவும். தந்தையர் பெயரும் ஒத்துப்போனால் உதவாது. பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஆறு பிறந்த நாளையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் குறிக்கின்றன. சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14 என்பவை பலரும் அறிந்தவை. கம்போங் மேடான் சிலாங்கூரில் இருந்தாலும், அங்கு வாழும் குடும்பத்தின் குழந்தை கோலாலம்பூர் மருத்துவமனையில் பிறந்தால் 14 என்றே பெறும். கடைசி நான்கு இலக்கங்கள் வரிசை எண், அவற்றின் இறுதி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. இவ்வெண்ணால் எவரையும் அன்போடு அழைக்க இயலாது. அதற்காக அது வகுக்கப்படவும் இல்லை. பெயரும் எண்ணும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன, திரைப்படமோ எண்ணையே பெயராக்கி இரண்டு வேலையையும் அதன்மேல் சுமத்தியது. ‘2.0’ என்னும் தலைப்பு விளம்பரப் பலகையில் வென்றது, கதையின் தெளிவில் தோற்றது என்பதே நேர்மையான மதிப்பீடு.

கம்போங் மேடானின் அடுக்குமாடி வீடுகளில் வானை நோக்கியிருக்கும் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டுகளும் இதே பாடத்தைத் தாங்கி நிற்கின்றன. வானவில் போன்ற தமிழ் அலைவரிசைகள் வந்துசேரும் கிழக்கு நெடுங்கோடு 91.5 பாகையில், தரையிலிருந்து சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 2006இல் ஏவப்பட்ட மீசாட்-3, 2009இல் ஏவப்பட்ட மீசாட்-3ஏ, 2014இல் ஏவப்பட்ட மீசாட்-3பி ஆகிய செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டன. 2021இல் மீசாட்-3 செயலிழந்தபின், 2022இல் மீசாட்-3டி அங்கே சென்றது. தட்டின் கண்ணுக்கு அவையெல்லாம் ஒரே புள்ளி. அலைவெண்களே அவற்றைப் பிரிக்கின்றன. இவற்றுள் 3ஏ தொடக்கத்தில் 1ஆர் என்ற பெயரோடு திட்டமிடப்பட்டது. 1996 ஜனவரியில் ஏவப்பட்ட மீசாட்-1 முதுமையடைந்து ஆப்பிரிக்காவை நோக்கி நகர்த்தப்பட்டபோது ஆப்ரிக்காசாட்-1 என்று பெயர் மாற்றம் பெற்றது. செயற்கைக்கோள்களின் பன்னாட்டு அட்டவணையில் அதன் எண் மட்டும் ஏவப்பட்ட நாளில் இருந்ததே.